பிரியாணி ஊரில் ஒரு பிரியம்

இன்றைய பிரிட்டிஷ் நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் ஆண்களைக் காதலிக்கும் ஆண்கள். பிரியாணி தின்னும் எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சார்? (செகந்திராபாத் வாசகர்)

சம்பந்தமே உங்கள் ஊரில்தானே! நிஜாம் அரசில் கல்வி இயக்குநராக இருந்த சையத் ராஸ் மசூதை உருகி உருகிக் காதலித்தவர் பிரிட்டிஷ் நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர். மசூத் நட்போடு நிறுத்திக்கொண்டார். 1924-ல் வந்த ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' நாவல் மசூதுக்குத்தான் சமர்ப்பணம்.

காதலை நாவலாகவே எழுதியிருக்கலாமே?

எழுதினாரே! 'மாரிஸ்' 1914-லேயே தயார். அச்சேறியது 1971-ல், அவர் இறந்த மறு வருடம். கதையில் ஆண் ஜோடி பிரியாமல் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்கு அதுதான் வம்பு. காலம் மாறி, 2004-ல் ஆலன் ஹாலிங்ஹர்ஸ்ட், தன்பாலின நாயகனை வைத்து எழுதியே புக்கர் பரிசை வாங்கிப்போனார்.

பாலினம், பாலீர்ப்பு பற்றிய 'குயர் தியரி' படித்தால் பாஸாக முடியுமா?

படிப்பில் பாஸாகலாம். சட்டத்தில்தான் ரொம்ப நாள் ஃபெயில். ஹைதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோஷங் மெர்ச்சன்ட் 1999-ல் 'யாரானா' என்ற தன்பாலின எழுத்துத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்காரர் 1860-ல் நமக்குத் தந்த சீதனம் அது. இங்கிலாந்தில் 1967-லேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். நாம்தான் 2018 செப்டம்பர் வரை பத்திரமாகப் பாதுகாத்தோம்.

உங்களுக்கு அந்தத் தியரி புரிகிறதா?

நாவல் புரிகிறது. தியரி? அந்தத் தியரியின் முன்னோடி ஜூடித் பட்லரின் ஒரு வாக்கியத்தை ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடையில் ஆரம்பித்தேன். சார்மினார் வந்துவிட்டது, முற்றுப்புள்ளி வரவில்லை.