வட்டுக்கோட்டைக்கு வழி

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன மனிசனை அறியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. பழமொழியில் வைத்து இத்தனை தலைமுறையாக அவரைப் பரிகசித்துவிட்டோம். பாவம். அவர்தான் எங்கள் அரசியலின் ஆதிகுரு என்பது எனக்கே பிந்தித்தான் விளங்கியது.

1949இல் தொடங்கிய கட்சிக்குத் தமிழில் தமிழ் அரசுக் கட்சி என்று பெயர். ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி. ஊரில் அரசு, கொழும்பில் சமஷ்டி. கேட்கிறவர் எவருடைய மனமும் நோகக்கூடாது என்ற அந்தக் கரிசனை வேறு யாருக்கு வரும்?

1976 மே 14 அன்று தந்தை செல்வா தலைமையில், அந்தக் கட்சியும் சேர்ந்த தமிழர் விடுதலைக் கூட்டணி பண்ணாகத்தில் கூடியது. தனித் தமிழீழமே முடிவு என்றது. அதற்கான போராட்டத்தில் முழுமூச்சாய் இறங்க இளைஞரை அழைத்தது. பண்ணாகத்தில் பிறந்த பிள்ளைக்கு வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று பெயர் வைத்தார்கள். தொகுதி அதுதான், பிழையில்லை. பேர் ஓரிடம், ஆள் ஓரிடம் என்பதற்கு அது நல்ல சகுனமாகவும் அமைந்தது.

மறு ஆண்டுத் தேர்தலில் சனம் 18 ஆசனங்களைத் தூக்கிக் கொடுத்தது. பிரிந்துபோக ஆணை வாங்கியவர்கள், பிரியவேண்டிய நாட்டின் பாராளுமன்றத்திலேயே எதிர்க்கட்சித் தலைவர் கதிரையை ஏற்றார்கள். வீட்டை விட்டுப் போகிறவன் திண்ணையைக் கூட்டிவிட்டுப் போவதுதானே பண்பு? 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. நாடு கேட்டவர்கள் மாவட்டத்தையும் வேண்டாமென்று சொல்லவில்லை. 1983இல் ஆறாம் திருத்தம் வந்தபோது மட்டும் கொஞ்சம் சறுக்கிவிட்டார்கள். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மாட்டோமென்று நின்று ஆசனங்களை இழந்தார்கள். பின்வந்தவர்கள் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டார்கள். இன்று மேடைச் சத்தியம் வேறு, பாராளுமன்றச் சத்தியம் வேறு. இரண்டையும் ஒரே வாயால் பிசகில்லாமல் சொல்கிறார்கள்.

பெடியங்கள்தான் அவசரப்பட்டார்கள். சட்டம் படியாத பிள்ளைகள். தீர்மானம் என்பது தேர்தலுக்குத் தேர்தல் வியாக்கியானம் சொல்லவேண்டிய நூல் என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எழுதியிருந்ததை எழுதியபடியே எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர்கள் படமாக இருக்கிறார்கள். மாலை வாடுவதில்லை, பிளாஸ்டிக்.

படித்தவர்கள் பக்கம் திரும்புவோம். தமிழ் அரசுக் கட்சியின் யாப்பில் ‘சமஷ்டி’ போய் ‘இணைப்பாட்சி’ வந்தது. இது பிரிவினையல்லவா என்று ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். சமஷ்டி கேட்பது பிரிவினையாகாது என்று 2017 ஆகஸ்ட் 4 அன்று தீர்ப்பு வந்தது. எங்கள் சட்டத்தரணிகளுக்குப் பெரிய வெற்றி. ஒரு காணி விடுபடவில்லை, ஒரு கைதி வீடு வரவில்லை என்பது வேறு இலாகா. வெளிநாட்டிலும் பற்றுக் குறையவில்லை. 2009, 2010இல் நோர்வே, பிரான்ஸ், கனடா, பிரித்தானியா எங்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. வட்டுக்கோட்டையில் நடக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2024. ஓர் இனத்துக்கே சுயநிர்ணய உரிமை கேட்கும் அதே கட்சி, ஜனவரியில் தனக்கொரு தலைவரை வாக்களித்துத் தெரிந்தது. அடுத்த மாதமே கட்சிக்காரரே திருகோணமலை நீதிமன்றப் படியேறினார்கள். தங்கள் தலைவரைத் தாங்களே நிர்ணயித்துவிட்டால் அகங்காரமென்று ஊர் சொல்லிவிடுமல்லவா!

நன்றிகெட்டது சனம்தான். அதே ஆண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்துவிட்டது. வழி கேட்டுக் களைத்ததோ என்னவோ, இந்தமுறை கொட்டைப்பாக்கு என்ன விலை என்றே நேராகக் கேட்டுவிட்டது. எங்கள் தலைவர்கள் அதற்கும் சளைக்கவில்லை. மேடையேறி, வட்டுக்கோட்டைக்கு வழி சொன்னார்கள்.