பயலுக்குக் கண்ணு பட்டிருக்காம்!

வாரும் மருமவனே, வாரும். திண்ணையில இரும். என்னவே கையில புதுக் கயிறு? ஒமக்கா, பயலுக்கா? பயலுக்கா! ஏற்கெனவே இடுப்புல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, காலுல ஒண்ணு கெடக்கு. பள்ளிவாசல்ல ஓதி ஊதியாச்சு, சாமியாடிக்கிட்ட துன்னூறு போட்டாச்சு. இன்னும் ரெண்டு கயிறு கட்டுனா அந்தக் கனத்துலயாவது எடை கூடும்னு பாக்கீரோ?

“ஒண்ணே முக்கால் வயசாச்சு மாமா, பய தேறவே மாட்டேங்கான். எவ கண்ணு பட்டுதோ”ன்னு கண்ணைக் கசக்குதீரு. எனக்கு ஒரு சந்தேகம். கண்ணு படணும்னா பய கொஞ்சம் கொழுகொழுன்னு இருக்கணும்லா? இவனைப் பாத்து எவவே பொறாமைப்படுவா?

ஒம்ம பயலுக்கு மட்டும்னு மலைச்சுப் போயிராதயும். 2019-லருந்து 2021 வரைக்கும் சர்க்கார் வீடு வீடாப் போயி எடுத்த குடும்பநலக் கணக்கு பேப்பர்ல வந்துது. நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு வயசுக்குள்ள இருக்க பிள்ளையள்ல நாலுல ஒண்ணுக்கு வயசுக்கேத்த வளத்தி இல்லை. 100-க்கு 57 பிள்ளைக்கு ரத்தசோகை. இத்தனைக்கும் பிரசவம் 100-க்கு 99-க்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்கு. ஆஸ்பத்திரி வாசப்படி வரைக்கும் நாம சூரப்புலி. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்த பொறவுதான் எல்லாம் கெட்டுப் போவுது. அப்ப, நீரு சொல்லுத அந்தக் கண்ணு வீட்டுக்குள்ளதானவே இருக்கணும்? வாரும், தேடிப் பாப்போம்.

மொதல்ல ஒம்ம வெள்ளாடு. என்ன மினுமினுப்பு, என்ன துள்ளல்! தெருவே பாத்துப் பெருமூச்சு விடுது. அங்கன்வாடியில குடுக்குத சத்துமாவுல கேப்பை இருக்கு, கோதுமை இருக்கு, கடலைப்பருப்பு இருக்கு, வெல்லம் இருக்கு. “பய துப்புதான்”னு அதை ஆட்டுக்குக் கரைச்சு வச்சீருன்னா ஆடு தேறாம என்ன செய்யும்? ஒருநாள் துப்புனா மறுநாளும் குடுத்துப் பாக்கணும்வே. பயலுக்குக் கெடைக்கது டீயில முக்குன பிஸ்கோத்தும் பத்து ரூவாப் பாக்கெட்டும். சோத்துல இருக்க இரும்புச்சத்தையும் ஒடம்புல ஒட்டவிடாம இந்த டீத்தண்ணி கெடுத்துப் போடும்னு நர்சம்மா தலையில அடிச்சுக்கிடுதா.

இதுக்கு ஒம்ம பொண்டாட்டி, அந்தப் பிள்ளையக் குத்தம் சொன்னீரோ, எனக்குக் கெட்ட கோவம் வரும், ஆமா. காலையில ஊறவச்ச இலையை வெட்டி, மடியில தட்டைத் தூக்கி வச்சான்னா ஆயிரம் பீடி முடிய ராத்திரி ஆயிருது. கடையில எண்ணிப் பாத்துதான் கூலி. சரியில்லன்னு கொஞ்சத்தைக் கழிச்சும் போடுதான். இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கொஞ்சங்கொஞ்சமா ஊட்டணும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம். அவ எந்திரிச்சா அந்த அரை மணி நேரத்துப் பீடி போச்சு, கூலியும் போச்சு. அதான் கையில பிஸ்கோத்தைக் குடுத்து ஒக்காத்தி வைக்கா. அந்தப் பய சும்மா இருப்பானா? தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், பொகையிலைத் தூள்ல கைய விடுதான், அதே விரலை வாயில வைக்கான். ராத்திரி பூரா இருமலு. நீரு அதுக்கும் எலுமிச்சம்பழம் சுத்திப் போடுதீரு.

சர்க்கார் சோறு போடலன்னும் சொல்ல முடியாது. காமராசர் 1956-ல பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போட்டாரு. எம்.ஜி.ஆர். 1982-ல சத்துணவுன்னு விரிச்சாரு. 2022-லருந்து காலைப் பலகாரமும் வந்துட்டு. எல்லாம் நல்லதுதான். ஆனா வளத்தி குறையுதது பெரும்பாலும் அம்மை வயித்துல இருக்கும்போதும் ரெண்டு வயசுக்குள்ளயும்தான். அந்த வயசுல மாவுப் பொட்டலம் வாசல் வரைக்கும்தான் வரும், மிச்ச தூரம் வீட்டாளுக கையில இருக்கு.

வீட்டாளுகன்னா யாரு? மீனு வாங்குனா நடுக்கண்டம் ஒமக்கு, வாலு ஒம்ம அம்மைக்கு, சட்டியில ஒட்டுன கொழம்பு அவளுக்கு. வயித்துல பய கெடக்கும்போதும் இதே சட்டம்தான். அப்பவே அவளுக்கு ரத்தம் பத்தாதுன்னு நர்சம்மா சொல்லலியா? பய எடை குறைஞ்சுதான வந்தான்? அன்னைக்கு எந்தக் கண்ணுவே பட்டுது?

பொறவு ஒம்ம சனிக்கிழமைப் பழக்கம். சனிக்கிழமை மட்டும்தான் குடிக்கீரு, எனக்குத் தெரியும். என்ன, ஒமக்கு வாரத்துல நாலு சனிக்கிழமை வருது. ஒரு குவார்ட்டர் காசுக்குக் கிட்டத்தட்ட இருவது முட்டை வாங்கலாம். குடிக்காதயும்னு சொல்ல நான் யாரு, கணக்கு மட்டும் சொன்னேன். நீரு வந்து சட்டியை ஒடச்ச ராத்திரி அந்தப் பய வீறிட்டு அழுது, சாப்பிடாமலே தூங்கிட்டானாம். அடுத்த வீட்டுக்காரி சொன்னா. அவளுக்குத்தான் கொள்ளிக்கண்ணுன்னு சொல்லுவீரு!

போன மாசம் பயலுக்கு வயித்தால போச்சுன்னு ஒம்ம அம்மை பாலையும் சோத்தையும் நிறுத்திப்போட்டா. ஏற்கெனவே முதுகோட ஒட்டிக் கெடக்க வயிறு. வயித்துப்போக்குலதான் பாலும் ஆகாரமும் நிறுத்தவே கூடாது. உப்புச் சர்க்கரைக் கரைசலும் 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் காசில்லாமத்தான் குடுத்தாவ. மூணாம் நாளு நின்னுட்டுன்னு மிச்ச மாத்திரையைக் கூரை ஓட்டு இடுக்குல சொருகிட்டீரு. ஓட்டுக்கு இப்ப வயிறு நல்லா இருக்குல்லா?

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதயும். கயிறைக் கட்டணும்னா கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா பயலுக்கு வேண்டியது அவன் அம்மைக்கு ஒரு மணி நேரம். அதைக் கயிறு குடுக்காது, நீருதான் குடுக்கணும். சாயங்காலம் டீக்கடை பெஞ்சைத் தேச்சது போதும். வீட்டுக்குப் போயி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோத்தைப் பருப்போட குழைச்சு, ஒரு முட்டையை மசிச்சு நீரே ஊட்டும். ஆம்பள ஊட்டுனா சோறு கசக்காது, நான் விசாரிச்சுட்டேன். பீடித் தட்டுக்கும் பயலுக்கும் நடுவுல ஒரு கதவு இருக்கட்டும். அவ தட்டுலயும் ஒரு கண்டம் மீனு விழட்டும்.

நாளன்னிக்கு புதன்கிழமை, ஊசி போடுத நாளு. பயலை நீரே தூக்கிட்டுப் போவும். எடையும் வளத்தியும் பாக்கச் சொல்லும். நர்சம்மா கேக்குத கேள்விக்கெல்லாம் நீரே பதில் சொல்லும்வே. அந்தப் பிள்ளையத் தொணைக்குக் கூப்பிடாதயும்.