எழுதாமலே எழுத்தாளராக மூப்பது எப்படி?

ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். மனசுக்குள் ஒரு நாவல் கிடக்கிறது. கவலை வேண்டாம், கடைசிவரை அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மீதிக்குத்தான் இந்த வழிகாட்டி.

1. டைரி வாங்குங்கள். வாங்குவானேன், நம் சிவகாசியில் தெரிந்த பிரஸ்ஸில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஜனவரி 1-ஆம் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "தினம் ஒரு பக்கம்" என்று எழுதிக் கையெழுத்தும் போடுங்கள். பொங்கலுக்குள் அதில் பால் கணக்கு ஏறியிருக்க வேண்டும்.

2. தள்ளிப்போடுங்கள். இதற்கு நம் ஊரைப்போல வசதியான ஊர் கிடையாது. மற்றவர்களுக்கு அடுத்த வருஷம் ஜனவரியில்தான் பிறக்கும். நமக்கு ஆடிப்பெருக்கன்றே புதுக் காலண்டர் ஆல்பம் வந்துவிடுகிறது. ஆகவே ஆகஸ்டிலேயே, "இனி அடுத்த வருஷம்தான்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். பிறகு தீபாவளி சீசன். அது ஓய்ந்தால் காலண்டர் டெலிவரி. பங்குனியில் மாரியம்மன் பொங்கல், சித்திரையில் பத்திரகாளியம்மன் பொங்கல். அப்புறம் பேரப்பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ். திரும்பினால் ஆடி!

3. எழுத விஷயமே இல்லை என்று நம்புங்கள். 1899-இல் நடந்த சிவகாசிக் கொள்ளையா? பூமணி 'அஞ்ஞாடி'யில் கொண்டுவந்துவிட்டார், ஆயிரம் பக்கத்துக்கு மேல். அந்த நாவல் 2012-இல் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். வெடி விபத்தா? மறுநாளே பேப்பரில் வந்துவிடுகிறது. உங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியது, விடியுமுன் தெருமுனையில் பட்டாசுப் பயராபீஸ் வண்டிக்குத் தூக்குவாளியோடு நின்ற அக்காமார், மருந்து படிந்து சாம்பல் பூத்த அவர்கள் விரல்கள்... இதெல்லாம் வீட்டு விஷயம். இலக்கியத்துக்கு ஆகாது. பாரிஸைப் பற்றி யோசியுங்கள்.

4. சில ஆட்களின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கவே கூடாது. நம் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கடை நடத்திக்கொண்டே எழுதி, 2007-இல் சாகித்ய அகாதெமி வாங்கினார் மேலாண்மை பொன்னுச்சாமி. 'படிப்பில்லை', 'கடையைப் பார்க்க வேண்டும்' என்ற அருமையான இரண்டு காரணங்கள் ஒரே ஆளால் போயின. பக்கத்து இடைசெவலில் கி.ரா. முப்பதுகளின் நடுவில் முதல் கதையை வெளியிட்டு, தொண்ணூறு தாண்டியும் எழுதி, 'வயசாச்சு' என்பதையும் கெடுத்தார். சி.சு. செல்லப்பா இன்னும் மோசம்: மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' வந்தது 1997-இல், அவருடைய எண்பத்தைந்தை ஒட்டி.

யாராவது இவர்கள் பேரைச் சொல்லி உங்களை உசுப்பினால், "அவங்கல்லாம் வேற அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கண் புரையைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.

5. ஒப்பிட ஆள் வேண்டுமென்றால் புதுமைப்பித்தனை எடுங்கள். நாற்பத்திரண்டு வயதில் போனவர், அதற்குள் அத்தனையும் எழுதியவர். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பத்தி எழுதி, மை காயுமுன் அவருடைய ஆகச் சிறந்த கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு தூங்கப் போங்கள். தூக்கம் வராது; நாளைக்கு எழுத முடியாததற்குக் காரணம் கிடைத்தாயிற்று.

6. கிழிபடாமல் தப்பிய பத்தியை மாப்பிள்ளையிடம் காட்டுங்கள். அவர் "நல்லாருக்கு மாமா" என்பார். 'நல்லாருக்கு'வுக்கும் 'மாமா'வுக்கும் நடுவில் ஏன் இடைவெளி விட்டார் என்று ஒரு மாதம் ஆராயுங்கள்.

7. அட்டையை முதலில் அடியுங்கள். நாலு கலர், லேமினேஷன், பின்னட்டையில் நீங்கள் கன்னத்தில் கை வைத்த போட்டோ. 'எழுத்தாளர்' என்று விசிட்டிங் கார்டும் போட்டுவிடுங்கள். இந்த ஊரில் மிஷின் இருக்கிறது, பேப்பர் இருக்கிறது, பைண்டிங் இருக்கிறது. "மேட்டர் எங்க சார்?" என்று பிரஸ்காரர் கேட்டால், கடைசி ப்ரூப் பார்ப்பதாகச் சொல்லுங்கள்.

8. இப்போது நீங்கள் மூத்த எழுத்தாளர். தெருவில் ஒரு பெண் கட்டுக் காகிதத்தோடு வருவாள். படிக்காமலே, "வயசு கிடக்கு தாயி, முதல்ல ஒரு வேலையில சேரு" என்று அறிவுரை சொல்லுங்கள். அவள் கேட்காமல் புத்தகம் போட்டு, இரண்டாவதற்கும் ப்ரூப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களிடம் முன்னுரை கேட்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளுங்கள்.