கூப்பிடாமல் வந்த காக்கை

அமாவாசைதோறும் மொட்டை மாடியில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் எட்டிப் பார்க்காத காக்கை, ஒரு நாள் தானாகவே மேற்கு மாம்பலத்து மாமா வீட்டுக்கு வந்துவிட்டது. கேபிள் ஒயரில் சிக்கி, ஒரு இறக்கை தொங்க, துளசி மாடத்தடியில் உட்கார்ந்திருந்தது. பறக்கப் பழகும் பருவத்துக் குஞ்சு. பாட்டிக்குச் சந்தேகமே இல்லை: தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் முறைக்கும் அந்தப் பார்வை, காலமான தாத்தாவுடையதேதான்.

வந்தவர் பித்ரு என்று ஆனபின் உபசாரத்துக்குக் கேட்கவா வேண்டும்? பாலாடையில் பால் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து மஞ்சள்தூள், எதிர் வீட்டிலிருந்து விளக்கெண்ணெய். இந்த அன்பில் தப்பிப் பிழைப்பதுதான் காக்கைக்குப் பெரும்பாடு. பறவைகளுக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால், அலகைப் பிரித்து ஊற்றினால் தண்ணீர்கூட நுரையீரலுக்குப் போய்விடும். குஞ்சு ஆடாமல் அசையாமல் இருந்ததை, "எவ்வளவு சாது!" என்று எல்லோரும் மெச்சினார்கள். பாவம், அது பயத்தில் உறைந்து போயிருந்தது.

விலங்கியல் படிக்கும் பேத்திதான் கூட்டத்தைக் கலைத்தாள். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய வேட்டியை விரித்தாள். அடிபட்ட பறவைக்கு இருட்டும் அமைதியும்தான் முதலுதவி.

"தாத்தாவைப் போய் செருப்பு டப்பாலயாடீ வைப்பே?"

மிக்ஸி வந்த பெட்டியில் சமரசம் ஏற்பட்டது.

வெளியே தாய் தகப்பன் காக்கைகள் மாமாவின் வழுக்கையைக் குறித்து வைத்துக்கொண்டன. காக்கைகள் முகத்தை மறப்பதில்லை: சியாட்டிலில் ஜான் மார்ஸ்லஃப் என்ற விஞ்ஞானி ஆதிமனித முகமூடி அணிந்து காக்கை பிடித்தார். அதன்பின் அந்த முகமூடி தெருவில் தெரிந்தாலே காக்கைகள் திட்டித் தீர்த்தன. ஒப்பிட்டுப் பார்க்க அணிந்த அரசியல்வாதி டிக் செனியின் முகமூடியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மாமா பால் வாங்கவே ஹெல்மெட்டோடு போனார்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே போனது. ஐம்பது வருஷம் பித்ருக்களுக்கு இந்தக் கதி! இதைப் பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை.

பெட்டி கால்நடை மருத்துவரிடம் போனது; இறக்கைக்குக் கட்டு விழுந்தது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு விருந்தாளி வந்தால், எதையும் ஊட்டாமல் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். காயமில்லாமல் தத்தித் திரியும் இறகு முளைத்த குஞ்சென்றால், பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை.