குப்பர்டினோ சமூகத்துக்கு ஓர் அந்தமான் விண்ணப்பம்

அனுப்புநர்:
மடிக்கணினி பழுதுபார்ப்பவன்,
அபர்தீன் பஜார் பின்சந்து,
ஸ்ரீ விஜய புரம் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்),
அந்தமான்.

பெறுநர்:
மென்பொருள் உரிமப் பிரிவின் மேலான அதிகாரி அவர்கள்,
ஆப்பிள் தலைமையகம்,
குப்பர்டினோ, கலிபோர்னியா.

பொருள்: ஆப்பிள் அல்லாத மடிக்கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டியது, ஓட்டியும் வைஃபை வராதது – தெளிவுரை கோரல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம், பிரிவு 2.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

பார்வையில் கண்ட ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன். 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்குவதற்கு முன் அதைப் படித்தவர்கள் உலகத்தில் சொற்பம். அந்தச் சொற்பத்தில் ஒருவன் என்பதால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஆப்பிள் பெயர் தாங்கிய கணினி தவிர வேறெதிலும் மேக்ஓஎஸ்ஸை நிறுவக் கூடாது, ஓட்டக் கூடாது, அப்படிச் செய்ய அடுத்தவருக்கு வழிசெய்து கொடுக்கவும் கூடாது என்கிறது பிரிவு 2. முதல் இரண்டும் என் வாடிக்கையாளர் செய்தது. மூன்றாவது என் பிழைப்பு.

வழக்குச் சுருக்கம் இதுதான். என்னிடம் வந்த பையன் டெலானிப்பூரில் இருக்கிறான். அவன் தாத்தா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் வந்து இறங்கியவர். பேரன் ஒரு செயலி எழுதியிருக்கிறான். எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், கிளம்பாவிட்டால் ஏன் கிளம்பவில்லை என்று அது சொல்லும். பீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டரில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அதைவிடச் சிறந்த இலக்கியம் கிடையாது. ஆண்ட்ராய்டில் நன்றாக ஓடுகிறது. ஐபோன் வைத்திருக்கும் மாமன் மச்சான்கள் "எங்களுக்கு எங்கேடா?" என்று கேட்டார்கள். வந்தது வினை.

ஐபோனுக்குச் செயலி கட்ட எக்ஸ்கோடு வேண்டும். எக்ஸ்கோடு மேக்ஓஎஸ்ஸில்தான் ஓடும். எக்ஸ்கோடு இலவசம். மேக்ஓஎஸ்ஸும் இலவசம், 2009-இல் ஸ்னோ லெபர்டுக்கு 29 டாலர் வாங்கினீர்கள், 2013-இல் மேவரிக்ஸ் வந்ததிலிருந்து அதையும் வேண்டாம் என்றுவிட்டீர்கள். செயலியைத் தங்கள் கடையில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர் சந்தா; அதை எந்தத் தீவிலிருந்து கட்டினாலும் வாங்கிக்கொள்வீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பெட்டி வாங்க வேண்டும், அவ்வளவுதான். எம்4 மேக் மினி 2024-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 59,900 ரூபாய், திரையும் விசைப்பலகையும் தனி. பையனிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினி, எட்டாம் தலைமுறை இன்டெல். அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் அவர்கள் நிரபராதிகள்.

"அண்ணே, மேக் ஏத்திட்டேன். வைஃபை மட்டும் பிடிக்க மாட்டேங்குது" என்றான். 'மட்டும்' என்று சொல்லிக்கொண்டு வரும் வாடிக்கையாளரை எங்கள் தொழிலில் நம்புவதில்லை. சவுண்டும் வரவில்லை, மூடினால் தூங்கவில்லை, உள்ளே இருக்கிற பேட்டரி இல்லவே இல்லை என்று சாதித்தது.

அதிகாரி அவர்களே, வெளியாள் சகவாசமே ஆகாது என்ற ஆசாரக் குடும்பம் தங்களுடையது என்றால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் 1995-இல் தாங்களே பவர் கம்ப்யூட்டிங் போன்றவர்களுக்கு உரிமம் கொடுத்து மேக் நகல்கள் விற்கவிட்டீர்கள். 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்துதான் கதவைச் சாத்தினார். 2006-இல் இன்டெல்லுக்கு மாறியதும் பூட் கேம்ப் என்று ஒரு வாசல் திறந்து, விண்டோஸை ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தீர்கள். அதாவது பெண் எடுப்போம், பெண் கொடுக்க மாட்டோம். புளோரிடாவில் சைஸ்டார் என்ற சின்னக் கம்பெனி 2008-இல் துணிந்து, தானே கட்டிய கணினியில் தங்கள் மென்பொருளை ஏற்றி விற்றது. தாங்கள் வழக்குப் போட்டு 2009 நவம்பரில் ஜெயித்தீர்கள். நீதிமன்றம் சொன்னபிறகு மறுபேச்சில்லை. சம்பந்தம் பேச நான் வரவில்லை.

காவலுக்கும் ஆள் போட்டிருக்கிறீர்கள். மேக்ஓஎஸ்ஸுக்குள் இருக்கும் ஒரு கெர்னல் நீட்சியின் பெயரே 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்'. எம்.ஜி.ஆர். 1961-லேயே 'திருடாதே' என்ற படத்தில் நடித்து எங்களைத் திருத்திவிட்டார். இரண்டாம் பாகம் கலிபோர்னியாவிலிருந்து வருமென்று எதிர்பார்க்கவில்லை. அந்த நீட்சி மேக்கின் எஸ்எம்சி சில்லிடம் சாவி கேட்கும். சாவி வராவிட்டால் ஃபைண்டர் முதலான நிரல்களின் பூட்டுத் திறக்காது. பையனின் கணினியில் விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற நீட்சி சில்லு வேஷம் கட்டிச் சாவியை நீட்டுகிறது. அதற்கும் முன்னால் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் போய், "இது மேக்புக் ப்ரோ, சீரியல் எண் இதோ" என்று சாட்சி சொல்கிறது. சலுகைக் கட்டணத்தில் கப்பல் ஏற நாங்கள் தீவுவாசி அட்டை காட்டுவோம். எங்கள் கவுண்டரில் அட்டையில் உள்ள முகத்தையும் வந்திருக்கும் முகத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி வைஃபை. தாங்கள் இதுவரை எந்த மேக்கிலும் இன்டெல் வைஃபை அட்டை வைத்ததில்லை. வைக்காத அட்டைக்கு டிரைவர் எழுதவும் இல்லை. இதில் தங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. யாரோ சில புண்ணியவான்கள் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்திலிருந்து டிரைவரை எடுத்து, ஐடிஎல்டபிள்யூஎம் என்ற பெயரில் மேக்குக்குப் பொருந்தச் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது வேலை செய்யும் விதம் தங்களுக்கே பிடிக்கும். வைஃபையை மேக்ஓஎஸ்ஸிடம் வைஃபை என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கும் என்பதால், "இது ஈதர்நெட், வயர் செருகியிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறது. மேக்ஓஎஸ்ஸும் நம்பிவிடுகிறது. வலைப்பெயர் தேர்ந்தெடுக்க ஹெலிபோர்ட் என்று ஒரு தனிச் சின்னம் மேலே உட்கார்ந்துகொள்ளும்.

வயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து எங்கள் தீவுகளுக்குக் கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளக் கேபிள் வருகிறது. 1,224 கோடி ரூபாய்ச் செலவு. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிரதமர் தொடங்கிவைத்தார். அதற்கு முன் செயற்கைக்கோளை அண்ணாந்து பார்த்துக் கிடந்தோம். ஒரு சிஸ்டம் அப்டேட் இறங்குவதற்குள் சென்னைக் கப்பலே வந்துவிடும். இன்னும் பின்னால் போனால், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வெள்ளைக்காரன் இங்கிருந்து பர்மாக் கரையோரத்து டைமண்ட் தீவுக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பியிருக்கிறான். நூறு வருஷத்துக்கு முன் கம்பியில்லாமல் கடல் தாண்டிய ஊரில், இப்போது கம்பி கடல் தாண்டி வந்து, மோடத்திலிருந்து மேசைக்குத் தாண்ட முடியாமல் நிற்கிறது.

அலைபேசி இருக்கிறதே என்பீர்கள். முதல் வாரம் அப்படித்தான் ஓட்டினான். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் கட்டி, ஹோர்என்டிஸ் என்ற நீட்சியைப் போட்டு இணையம் எடுத்தான். ஐபோனுக்குச் செயலி எழுத ஆண்ட்ராய்டு பால் கொடுத்த காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஐடிஎல்டபிள்யூஎம் போட்டபின் இணைப்பு வந்தது, ஆனால் ஆப்பிள் கருவிகளுக்குள் கோப்பு அனுப்பும் ஏர்டிராப் வராது. இன்டெல் அட்டைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பையன் ஏர்டிராப் இல்லாமல் உயிர் வாழ மாட்டேன் என்றான். அதற்கு வழி பிராட்காம் 94360 அட்டை. தங்கள் பழைய மேக்குகளில் தாங்களே வைத்த குடும்பம் அது. சீனக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அலிஎக்ஸ்பிரஸை 2020 நவம்பரில் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். உள்நாட்டு விற்பனையாளர்களில் பலருக்கு 744 என்று தொடங்கும் பின்கோடு தெரிந்ததும் 'டெலிவரி இல்லை' என்று சிவப்பில் எழுத வந்துவிடும். கடைசியில் ரிச்சி தெருவில் சொல்லிவைத்து, சென்னையிலிருந்து வந்த ஒருவர் சட்டைப் பையில் கப்பலேறி வந்தது அட்டை. மூன்று நாள் கடல் பயணம், வாந்தி எடுக்காமல் வந்த ஒரே பயணி.

பின்தகட்டைக் கழற்றினேன். ஆறு மாத மழையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் எங்கள் ஊரில் இரும்பு எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் வடிவமைப்புப் பிரிவுக்கு ஒருமுறை காட்டலாம். திருகுகள் தவிட்டு நிறத்தில் பூத்திருந்தன. ஒன்றின் தலை ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டது. பழைய அட்டையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா வயர், நுனியில் இரண்டு மில்லிமீட்டர் கூடத் தேறாத வளையம். கறுப்பு வளையத்தின் உள்விளிம்பில் பச்சைக் களிம்பு. இதை நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஏனென்றால் எந்த நீட்சியையும் தொடுவதற்கு முன் பென்டிரைவில் லினக்ஸ் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். லினக்ஸிலும் சிக்னல் ஒற்றைக் கோட்டில் தடுமாறியது என்றால் குற்றவாளி மேக்ஓஎஸ் இல்லை, வங்காள விரிகுடா. ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, பிராட்காம் அட்டையில் வைத்து நகத்தால் அழுத்தி, 'டிக்' என்று சத்தம் வந்ததும் கோடுகள் நிமிர்ந்தன. இந்த வரையில் தங்கள் நிறுவனத்தை விடுதலை செய்கிறேன்.

அடுத்த அத்தியாயத்தில் விடுதலை இல்லை. 2023-இல் மேக்ஓஎஸ் சோனோமா வந்தபோது, அதே பிராட்காம் அட்டைகளுக்கான ஆதரவைத் தாங்கள் எடுத்துவிட்டீர்கள். தாங்கள் பெற்று, தாங்கள் வளர்த்து, தங்கள் பெட்டிக்குள்ளேயே விற்ற அட்டை. அதை மறுபடி உயிர்ப்பிக்க ஓப்பன்கோர் லெகசி பேட்சர் இருக்கிறது. கணினியின் பாதுகாப்புப் பூட்டுகளைத் தளர்த்திப் பழைய கோப்புகளைத் திணிக்கும். ஒவ்வொரு அப்டேட்டும் அவற்றைத் துடைத்துவிடும், மறுபடி திணிக்க வேண்டும். பாதுகாப்புக்காக விடப்படும் அப்டேட்டுக்காகப் பாதுகாப்பைத் தளர்த்தும் இந்த வேலைக்கு நான் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. மனசு வரவில்லை.

அட்டை வேலை செய்தும் பையன் வீட்டு ரவுட்டரைக் காணவில்லை என்றது. ரவுட்டர் 13-ஆம் சேனலில் உட்கார்ந்திருந்தது. இந்தியாவில் அது செல்லும். அட்டையோ தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே இந்த வரிசையில் வழக்கமாக 11-க்கு மேல் போக மாட்டார்கள். நாட்டுக் குறியை மாற்றும் ஒரு பூட் வரி எழுதி, அது குடியேறிய ஊரை அதற்கு ஞாபகப்படுத்தினேன். புளூடூத் தனிக் கதை: ஒரே அட்டையில் இருந்தாலும் அது உள்ளே யூஎஸ்பி பாதையில் ஓடும், மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 யூஎஸ்பி போர்ட்டுக்கு மேல் எண்ணாது, 3.0 போர்ட் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கு. வரிசையில் கடைசியாக நின்ற புளூடூத்துக்கு டோக்கன் தீர்ந்துவிட்டது. பயன்படாத போர்ட்டுகளைப் பட்டியலிலிருந்து நீக்கி இடம் பிடித்துக் கொடுத்தேன்.

இப்படியாகப் பழுது நீங்கி, பையன் என் கையைப் பிடித்துக் கும்பிட்டுப் போனான். பிறகுதான் தங்கள் அறிவிப்பைக் காட்டினேன்: 2025-இல் வந்த தஹோதான் இன்டெல் கணினிகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ். அடுத்ததிலிருந்து தங்கள் சொந்தச் சில்லு உள்ள பெட்டிகளுக்கு மட்டும். வழக்கு, தீர்ப்பு, திருடாதே நீட்சி எதுவும் செய்யாத காரியத்தை ஒரு சில்லு செய்துவிட்டது. பிரிவு 2-ஐ மீறுவதற்கே இனி ஆள் கிடைக்காது. அந்தப் பிரிவைக் காக்கும் தங்கள் இலாகாவில் யாருக்கும் வேலை போகாது என நம்புகிறேன்.

பையன் இப்போது அதே மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுவிட்டான். பழைய இன்டெல் அட்டையைத் திருப்பிப் பொருத்தினேன். வைஃபை கேட்காமலேயே வந்தது. மேக் தேவைப்படும்போது வெளிநாட்டில் யாரோ வைத்திருக்கும் மேக்கைக் கடல் கேபிள் வழியே வாடகைக்கு எடுக்கிறான். தங்கள் உரிமத்தைத் திருப்பிப் பார்த்தேன்: செயலி உருவாக்குவோருக்கு மேக்கை வாடகைக்கு விடலாம், ஆனால் தொடர்ந்து 24 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆக, ஆப்பிள் அல்லாத மடிக்கணினியில் மேக்ஓஎஸ் ஓடுவது மீறல்; அதே திரையில், அதே மேக்ஓஎஸ், கடலுக்கு அப்பால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது முறையான வாடகை. சரி, ஒப்புக்கொள்கிறோம்.

இந்த விண்ணப்பத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று. போன வாரம் பையன் எடுத்த வாடகை நாளில் ராத்திரி புயல் மழை. கரண்ட் போனது, மோடம் போனது, விடிகிற வரை இணைப்பு இல்லை. வாடகை ஓடிக்கொண்டிருந்தது. தொடர்ந்து 24 மணி நேரம் என்று ஒப்பந்தம் குறிப்பிடுவது மேக்கின் கடிகாரப்படியா, வாடகைக்காரரின் கடிகாரப்படியா என்பதை எழுத்துமூலம் தெளிவுபடுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் விரைந்து பதில் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழுதுபார்ப்பவன்.