விலை மாமா

பாலக்காட்டுக் கல்பாத்தித் தெருவில் கையில் பையோடு நடப்பவரைப் பார்த்துத் திண்ணையிலிருந்து வரும் முதல் கேள்வி "சௌக்கியமா?" அல்ல; "என்ன விலை?" அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் "எப்போ வந்தாய், எத்தனை நாள் லீவு?" எல்லாம். புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, கோவிந்தராஜபுரம், சாத்தபுரம் என்று தேரோடும் நாலு கிராமத்திலும் இந்த மாமா இருக்கிறார். திண்ணைதான் வேறு வேறு, ஆசாமி ஒருவர்தான்.

மாமா உத்தியோகம் பார்த்தது பம்பாயில். ஷார்ட்ஹாண்டும் டைப்ரைட்டிங்கும் பாஸ் பண்ணி, ரயிலேறி, மாதுங்காவில் ஒண்டுக்குடித்தனம் இருந்து, ரிடையரானதும் பூர்வீக வீட்டுக்குத் திரும்பிய தலைமுறை. அங்கே கற்ற வித்தைகளில் சுருக்கெழுத்து மறந்துவிட்டது. பேரம் மறக்கவில்லை. வலிய அங்காடி விலை, கோயமுத்தூர் விலை, பம்பாய் கிராஃபோர்டு மார்க்கெட் விலை என்று ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விலை அவர் நாக்கு நுனியில் நிற்கும். நாலாவது விலை ஒன்றும் உண்டு: "எங்கிட்டச் சொல்லியிருந்தா வாங்கித் தந்திருப்பேனே" விலை. அது எப்போதும் நீங்கள் கொடுத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அந்த விலைக்கு அவர் யாருக்கும் எதையும் வாங்கித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது.

இவரிடமிருந்து தப்ப ஊரார் பல வழி பார்த்தாயிற்று. உள்ள விலையைச் சொன்னால் "நன்னா ஏமாந்துட்டாய்" என்பார். பயந்துகொண்டு பாதி விலை சொன்னால், "அப்படியா? அந்த விலைக்கு எனக்கும் ரெண்டு வாங்கிண்டு வா" என்று பணம் எடுக்க உள்ளே போய்விடுவார். "யாரோ பிரசெண்ட் பண்ணினா, மாமா" என்றால், "அவா என்ன விலைக்கு வாங்கினாளாம்?"

இதைப் பொறாமை என்று நினைப்பவர்கள் மாமாவை அறியாதவர்கள். அவருக்கு அந்தப் பொருளின் மேல் ஆசை கிடையாது. வாங்கும் உத்தேசம் அறவே கிடையாது. விலை தெரியாத பொருள் ஒன்று எதிரே இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். விஸ்வநாத சுவாமி கோயிலைப் பற்றிக் கேட்டால் மற்றவர்கள் 'காசியில் பாதி கல்பாத்தி' என்று ஆரம்பிப்பார்கள். மாமா ஆரம்பிப்பது வரவு செலவிலிருந்து. காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்த லக்ஷ்மியம்மாள், கோயில் கட்ட 1,320 பொற்காசு கொடுத்தாள் என்று சொல்வார்கள் அல்லவா, அதை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு ரேட்டுக்கு எத்தனை பவன் ஆச்சுன்னு பாரு" என்பார். ஈசுவரனுக்கே பில் பார்க்கிற மனுஷர்.

பவன்தான் அவருடைய அளவு. எட்டு கிராம் தங்கம். ரூபாயை அவர் நம்புவதில்லை. அது தேய்கிற சரக்கு என்பார். காலையில் பத்திரிகை வந்ததும் முதலில் பவன் விலை, பிறகு மரண அறிவிப்பு, அதற்கும் பிறகு நேரம் இருந்தால் நாட்டு நடப்பு.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளும் 1990-களில் வீடியோ கேம் நுழைந்தது. அப்போது இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில், டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்று விற்றது. பையன் கேட்டான். மாமா விலை விசாரித்தார். அதோடு தன் கடமை முடிந்தது என்றிருந்தார். பையன் சாப்பிடாமல் அடம்பிடித்ததில் கடைசியில் வந்து சேர்ந்தது பெயர் தெரியாத ஒரு நகல் பெட்டி. கூடவே '9999 இன் 1' என்று அச்சடித்த ஒரு கேசட், நானூறு ரூபாய்க்கு. மாமா தன் ஆயுளில் முழுமனதோடு வாங்கிய ஒரே பொருள் அந்தக் கேசட்தான். வகுத்துப் பார்த்தார்: ஒரு கேம் நாலு பைசா! திண்ணை திண்ணையாகப் போய்ச் சொன்னார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து 9999-ஐயும் சரிபார்க்கத் தொடங்கினார். பதின்மூன்றாவது கேமுக்குப் பிறகு அதே மீசைக்காரன், அதே டாங்கி, அதே வாத்து. பெயர் மட்டும் புதிது. சாயங்காலம் மறுபடி வகுத்தபோது நாலு பைசா முப்பது ரூபாயாகியிருந்தது. இரண்டு நாள் மாமா திண்ணைப் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்தக் காயம் ஆறியிருந்த நேரத்தில்தான் 2025 ஐப்பசித் தேருக்கு டோக்கியோவிலிருந்து மருமான் வந்து இறங்கினான். பையைத் திறக்குமுன் விசாரணை தொடங்கிவிட்டது.

"இது என்னடா?"

"நின்டெண்டோ ஸ்விட்ச் 2, மாமா. கேம் விளையாடற பெட்டி. 49,980 யென். நம்ம பணத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதாயிரம்."

"எல்லாருக்கும் அதே விலையா?"

பம்பாயில் பழகியவரின் கேள்வி. மருமான் உண்மையை ஒப்புக்கொண்டான். அது ஜப்பானிய மொழி மட்டுமே உள்ள மாடல். ஜப்பான் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் உதவும். பல மொழி மாடல் வேண்டுமானால் அதே ஜப்பானில் 69,980 யென். யென்னின் மதிப்பு விழுந்துகிடக்கிறது. வெளியூர்க்காரர்கள் மலிவென்று அள்ளிக்கொண்டு போய்விடாமல் உள்ளூர்க்காரர்களுக்கு வைத்த விலை என்று பேசிக்கொள்கிறார்கள்.

மாமா சிரித்தார். "தேர்க் கடையில வளையல்காரன் பண்றதாக்கும் இது. ஊர்க்காராளுக்கு ஒரு விலை, கார்ல வந்து எறங்கறவாளுக்கு ஒரு விலை. இதைக் கண்டுபிடிக்க ஜப்பான் போகணுமா?"

அடுத்தது கேம். 'மரியோ கார்ட் வேர்ல்ட்', பெட்டியோடு 9,980 யென். ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்க்கு வந்தது. மாமா மூக்கின் மேல் விரல் வைத்தார். விலைவாசியைப் பற்றிப் புலம்ப இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் ராகம் எடுப்பதற்குள் மருமான் இன்னொன்றை வெளியே எடுத்தான். அகிஹபாராவில் பழைய கேம் விற்கும் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய கேசட், நின்டெண்டோவின் பழைய பெட்டியான சூப்பர் ஃபேமிகாமில் போடுவது. 1995-ல் வந்த 'க்ரோனோ ட்ரிகர்'. அன்றைக்குப் புதுசாக அதன் விலை 11,400 யென்.

மாமாவின் முகம் மாறியது. பென்சில் வந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் 11,400 யென் நாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அன்றைக்கு ஏறக்குறைய ஒரு பவன்! இன்றைய கேமோ ஐயாயிரத்து எழுநூறு. பவன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது. அன்று ஒரு கேமுக்கு ஒரு பவன். இன்று ஒரு பவனுக்குப் பதினைந்து கேம். யென் கணக்கில் பார்த்தாலும் முப்பது வருஷத்தில் விலை இறங்கித்தான் இருக்கிறது. மட்டை அரிசி ஏறியது, தேங்காயெண்ணெய் ஏறியது, ஆட்டோ ஏறியது. ஏறாத ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறான் மருமான். புலம்ப வழியில்லாமல் போன மாமாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"அன்னிக்கு இந்தக் கேசட் வாங்கினவன் அதுக்குப் பதிலா ஒரு பவன் வாங்கியிருந்தா, இன்னிக்குப் பதினஞ்சு கேம் வாங்கியிருக்கலாம்."

"அந்த முப்பது வருஷம் எதை வெச்சுண்டு விளையாடறது, மாமா?"

"பவனை வெச்சுண்டு யாராவது விளையாடுவாளோ? பூட்டி வைக்கறதுக்காக்கும் அது."

அன்றைக்குக் கேசட் விலை ஏன் அவ்வளவு என்று தெரிந்தால்தான் மாமாவுக்கு ராத்திரி தூக்கம் வரும். மருமான் சொல்லிக்கொண்டு போனான். 1983-ல் ஃபேமிகாம் பெட்டியின் விலையே 14,800 யென்தான். கேம் 3,800 யென்னில் ஆரம்பித்தது. கேசட்டுக்குள் இருப்பது சிப். கதை நீண்டு படங்கள் பெருகப் பெருக சிப்பும் பெரிதாக வேண்டும். மற்ற கம்பெனிகள் அந்தக் கேசட்டை நின்டெண்டோவிடமே ஆர்டர் கொடுத்து, முன்பணம் கட்டி எடுக்க வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் அவர்கள் தலையில். இத்தனையும் சேர்த்து வாங்குகிறவன் தலையில் ஏற்றினார்கள். 1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. அதில் சிப் இல்லை, சிடி. அச்சடிக்கும் செலவு சொற்பம். 'ஃபைனல் ஃபேன்டஸி'யின் ஆறாவது பாகம் 1994-ல் கேசட்டாக 11,400 யென். ஏழாவது பாகம் 1997-ல் மூன்று சிடியாக 6,800 யென்.

"போட்டிக்குக் கடை தொறந்தா விலை தானா எறங்கும்" என்று மாமா ஜப்பானியப் பொருளாதாரத்தை ஒரு வரியில் முடித்தார்.

அவருக்குப் பரம திருப்தி தந்தது இன்னொரு விஷயம். புதுக் கேமுக்கு விலை கொடுக்க முடியாத ஜப்பானியப் பையன்கள் பழைய கேம் கடைக்குப் போகிறார்கள். முடித்த கேமை விற்று அடுத்ததை வாங்குகிறார்கள். கேம் கம்பெனிகளுக்கு இது பொறுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 ஏப்ரலில், ஒரு தடவை விற்ற கேமை மறுபடி விற்பதைக் கம்பெனி தடுக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுத்தா!" என்று மாமா தெருவைப் பார்த்துச் சொன்னார். தான் ஆயுசு பூராச் சொல்லிவந்ததை ஜப்பான் நீதிபதிகள் எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி முகத்தில் ஒரு பிரகாசம்.

கடைசியாக மருமான், இப்போதெல்லாம் பெட்டியே வேண்டாம், டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம், 'மரியோ கார்ட் வேர்ல்ட்' அப்படி வாங்கினால் 8,980 யென், ஆயிரம் யென் மிச்சம் என்றான். மாமா உடனே பாராட்டுவார் என்று எதிர்பார்த்தான். மாமா கேட்டது வேறு.

"ஆடி முடிச்சா திருப்பி விக்கலாமோ?"

"டவுன்லோடை விக்க முடியாது, மாமா."

"அப்போ அவன் ஆயிரம் கொறைச்சது உனக்கு லாபமில்லை. விக்கற உரிமையை உங்கிட்டேருந்து ஆயிரம் யென்னுக்கு வாங்கிண்டுட்டான். கோர்ட்ல தோத்ததைக் கடையில ஜெயிச்சிருக்கான், பார்த்துக்கோ."

மருமானிடம் பதில் இல்லை. கம்ப்யூட்டர் என்ஜினீயர்தான், இருந்தும் இந்தக் கணக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

விலை மாமாவைப் பார்த்து நாம் சிரிக்கலாம். பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகலாம். ஆனால் விளம்பரமும் ஆசையும் சேர்ந்து நம்மைப் பொத்தானை அமுக்க வைக்கும் இந்தக் காலத்தில், எதையும் வாங்காமல் எல்லாவற்றின் விலையையும் கேட்கிற ஒருவர் தெருவுக்கு ஒருவராவது வேண்டும். அடுத்த தடவை எதையாவது டவுன்லோட் பண்ணுமுன் அவருடைய கேள்வியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்: திருப்பி விற்க முடியுமா? முடியாது என்றால், அந்த விலை அதிகம்தான்.