கையும் கலரும்

பதினோராம் வகுப்பில் ஆக்ஸாலிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் வைத்து டைட்ரேஷன் செய்யச் சொல்கிறார்களே, பிற்காலத்தில் யாருக்காவது உதவுமா? (வாசகர், கரோல் பாக், டெல்லி)

சி.பி.ஐ.க்கு!

லஞ்சம் வாங்குவோரைப் பிடிக்க நோட்டில் தடவும் பவுடர், ப்யூரெட்டுக்கு அடியில் நிறம் காட்டும் அதே பினாப்தலீன்தான். வாங்கிய விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். ஆசாமி கையும் 'கலரு'மாகச் சிக்குவார். ஆனால் நிறம் மட்டும் போதாது, லஞ்சம் கேட்டதையும் நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆய்வகத்திலும் நிறத்தோடு வேலை முடியாது, கணக்கு உண்டு. 10 மி.லி. 0.1 மோலார் ஆக்ஸாலிக் அமிலத்துக்கு 20 மி.லி. காரம் செலவானால், காரத்தின் செறிவு 0.1 மோலார். ஓர் அமில மூலக்கூறுக்கு இரண்டு கார மூலக்கூறு தேவை என்பதை மறந்தால் விடை பாதியாகிவிடும். மார்க்கும்தான்!